மந்தைவெளி ரேட்டு

பூவரசந் தெருவுக்கு ஒரு வியாதி உண்டு. வடக்கு முனையில் நின்று இது எந்த ஏரியா என்று கேட்டால் மந்தைவெளி என்பார்கள். தெற்கு முனையில் கேட்டால் ராஜா அண்ணாமலைபுரம், சுருக்கமாக ஆர்.ஏ.புரம் என்பார்கள். நடுவில் குடியிருக்கும் ஜனங்களுக்கு எது சௌகரியமோ அது. ரேஷன் கடையில் நின்றால் மந்தைவெளி, கல்யாணப் பத்திரிகை அடித்தால் ஆர்.ஏ.புரம். பத்திரத்தைப் பிரித்துப் பார்த்தால் இரண்டும் கிடையாது, மயிலாப்பூர் கிராமம் என்று போட்டிருக்கும். கிராமமாம்! அந்தக் கிராமத்தில் ஒரு கார் நிறுத்துகிற இடத்தின் விலைக்கு வேறு ஊரில் தோட்டத்தோடு வீடு வாங்கலாம்.

அந்தத் தெருவின் நடுவில், ஆறு வீடுகள் அடங்கிய ஒரு பழைய அடுக்குக் கட்டடத்தின் கீழ்வீட்டில் இனாயத் வாடகைக்கு இருந்தார். தெருவைப் பார்த்த முன்னறை அவருடைய கர்ட்டன் கடை. பின்னால் இரண்டு அறையும் சமையலறையும்தான் குடித்தனம். மகள் மெஹக் ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டுப் போனபின் அவரும் மனைவி அஃப்சருன்னிசாவும் மட்டும்தான். வாசலில் நீலப் பலகையில் பெரிய வெள்ளை எழுத்தில் எழுதியிருக்கும்: இனாயத் கர்ட்டன்ஸ், ஆர்.ஏ.புரம்.

முதலில் அந்தப் பலகையில் மந்தைவெளி என்றுதான் இருந்தது. பெரிய பங்களாக்களுக்கு ஜன்னல் அளக்கப் போகும்போது அந்த வீட்டம்மாக்கள் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "மந்தைவெளிதானே பாய், கொறைச்சுப் போடுங்க" என்று ஆரம்பிப்பார்கள். ஒருநாள் எரிச்சலில் கார்டை மாற்றி ஆர்.ஏ.புரம் என்று அடித்தார். அதே துணி, அதே தையல், அதே பாய். ஆனால் பேரம் நின்றுபோனது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பலகையையும் மாற்றினார். அதோடு விட்டாரா? எதிர்வீட்டு டியூஷன் வாத்தியார், மூலையில் இஸ்திரி போடுகிறவர், பக்கத்து பியூட்டி பார்லர் என்று எல்லாரிடமும் போய், "நீயும் மாத்து நைனா, மரியாதையே வேற" என்று ஓதினார். தெருவில் வசூல் பண்ணி வடக்கு முனையில் ஒரு இரும்புப் பலகை நட்டு, ராஜா அண்ணாமலைபுரம் உங்களை வரவேற்கிறது என்று எழுதி வைத்ததும் சாட்சாத் அவர்தான்.

அஃப்சருன்னிசா மட்டும் கடைசிவரை மசியவில்லை. "மந்தைவெளி ஸ்டேஷன்ல எறங்கறோம், மந்தைவெளியில காய் வாங்கறோம், தூங்கறது மட்டும் ஆர்.ஏ.புரத்துலயா? நல்லா கீதுங்க உங்க கதை" என்று சிரிப்பாள்.

அவள் சிரித்துக்கொண்டே இருந்த காலத்திலேயே அவள் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியிருந்தது. கண்ணுக்குள் பிரஷர் என்றார் டாக்டர். போனது போனதுதான், திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். சொட்டு மருந்து விட்டுக்கொண்டே வந்தும் அதையும் காப்பாற்ற முடியவில்லை. கர்ட்டன் மடிப்புத் தைக்கிற கை ஓய்ந்தது. பிறகு எதிரே இருக்கும் முகம் போனது. கடைசியில் வெளிச்சமா இருட்டா என்பது மட்டும்தான் தெரிந்தது.

ஆனால் பூவரசந் தெருவில் அவள் நடப்பதைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். கோல் கிடையாது, ஒருவர் கையைப் பிடிப்பது கிடையாது. மாவு மிஷின் வாசனை, இஸ்திரிப் பெட்டியின் அனல், தூரத்தில் மேலே ஓடும் ரயிலின் சத்தம், இவையெல்லாம் அவளுக்கு வழி சொல்லும். எல்லாவற்றையும்விடக் கடல் காற்று. மத்தியானச் சாப்பாடு முடிந்து சற்று நேரத்துக்கெல்லாம் சாந்தோம் பக்கமிருந்து காற்று தெருவுக்குள் வந்துவிடும். பேச்சியம்மாளின் மளிகைக் கடைக்குப் போகும்போது அது இடது கன்னத்தில் படவேண்டும், திரும்பும்போது வலது கன்னத்தில். அவ்வளவுதான் கணக்கு.

பேச்சியம்மாள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கடை வாசலில் உட்கார்ந்தபடியே குரல் கொடுப்பாள். "யக்கா, குழி தோண்டிப் போட்டிருக்கானுவ, ஓரமா வாங்க. பைக்கை வேற நடுவுல நிப்பாட்டிருக்கான் ஒரு கூறுகெட்டவன்." அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு, காற்று வந்ததும் எழுந்து வந்து, செருப்பைக் கதவுக்கு இடப்புறம் விட்டு, பையை ஆணியில் மாட்டிக்கொண்டே அஃப்சருன்னிசா சொல்வாள். "காத்து வந்துட்சுங்க. ஜன்னலைத் தொறங்க." ஒருநாள்கூடத் தவறாது. இனாயத் முனகிக்கொண்டே எழுந்து போய்த் திறப்பார்.

அந்த வீடு மேல்வீட்டு அனந்தராமனுடையது. அவருடைய மனைவி காலமான அன்று, மகள் சீதா பெங்களூரிலிருந்து வந்து சேரும்வரை, ஐஸ் பெட்டியிலிருந்து வாசல் பந்தல்வரை ஓடியாடிப் பார்த்தவர் இனாயத். காரியமெல்லாம் முடிந்தபின் அனந்தராமன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நான் எப்போ வித்தாலும் இந்தக் கீழாத்தை உனக்குத்தான்டா குடுப்பேன் இனாயத். வெளியில ஒருத்தருக்கும் இல்லே. மந்தைவெளி ரேட்டு என்னவோ அதைக் குடு, போறும்."

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இனாயத் அத்தனை வருஷம் ஓடினார். வாணியம்பாடியில் அப்பா வழி மனையில் வந்த பங்கு, அஃப்சருன்னிசாவின் வளையல், கடை வருமானத்தில் மிச்சம் பிடித்தது, பாங்கியில் கிடைக்கக்கூடிய கடன் எல்லாவற்றையும் கூட்டினால் மந்தைவெளி ரேட்டுக்குச் சரியாக வந்து நின்றது. மூச்சு விடக்கூட மிச்சமில்லை. ஆனாலும் சரியாக நின்றது. "அல்லா வழி காட்டிட்டான் அஃப்சர். உன்னை இந்தத் தெருவை விட்டு ஒருத்தனும் நகத்த முடியாது" என்று அவளிடம் சொன்னார். அவள் சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், முதல்தடவையாகச் சொந்தச் சுவரைத் தொடுகிற மாதிரி.

அனந்தராமன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்ததும் சீதா வந்துவிட்டாள். அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவது, இரண்டு வீட்டையும் விற்பது என்று முடிவானது. இனாயத் தலைக்குக் குல்லா வைத்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பெண் கேட்கப் போகிறவர் மாதிரி மாடி ஏறினார். கூடத்தில் அனந்தராமன் சக்கர நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் சீதா. நாற்காலி நுனியில் புரோக்கர் கபாலி.

"சார், நம்ம பேசினபடி ரெடியா கீறேன். மந்தைவெளி ரேட்டு" என்றார் இனாயத்.

அனந்தராமன் முகம் மலர்ந்தது. "அதான் சொன்னேனே சீதா, நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

சீதா கெட்டவள் இல்லை. அப்பாவை ராத்திரி பகலாக ஆள் வைத்துப் பார்க்கவேண்டும், அந்தக் கவலை அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பாகத் தெரிந்தது. அவள் மெதுவாகத்தான் பேசினாள். "அங்கிள், அப்பா குடுத்த வாக்கை நான் மாத்தலை. ஆனா அது மந்தைவெளியா இருந்தாத்தானே மந்தைவெளி ரேட்டு? இது ஆர்.ஏ.புரம் ஆச்சே."

"ஐயய்யோ, யாரும்மா சொன்னாங்க? அந்தக் கோடிதாம்மா ஆர்.ஏ.புரம். இது மந்தைவெளி. ஊருக்கே தெரியும்" என்றார் இனாயத்.

கபாலி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பாய், கோச்சுக்காத. நானா சொல்லலை. உன் போர்டுதான் சொல்லுது."

சீதா போனை நீட்டினாள். படத்தில் நீலப் பலகை பளிச்சென்று இருந்தது. அடுத்த படத்தில் தெருமுனை இரும்புப் பலகை. ராஜா அண்ணாமலைபுரம் உங்களை வரவேற்றது.

"நெட்டுல போட்டுப் பாத்தேன் அங்கிள். இந்தத் தெருவுல எந்தக் கடையைப் பாத்தாலும் ஆர்.ஏ.புரம்னுதான் இருக்கு. அந்த ரேட்டுக்கே வாங்கறதுக்கு ஆள் ரெடியா இருக்கா. நீங்க அதைக் குடுத்தா உங்களுக்குத்தான் மொதல்ல."

இனாயத் என்ன சொல்வார் பாவம்? நான் பொய்யாகத்தான் எழுதி வைத்தேன் என்பாரா? அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எத்தனை ஜன்னலுக்கு எத்தனை பேரிடம் கூடுதலாக வாங்கினார்! சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, இவர் தெருவில் வசூல் பண்ணியல்லவா வைத்துக்கொண்டார். அனந்தராமன் மட்டும், "இனாயத், இனாயத்" என்று இரண்டு தடவை கூப்பிட்டார்.

கீழே வந்ததும் இனாயத் ஏணியைச் சாத்தி ஏறினார். தகட்டை வைத்துப் பலகையில் ஆர்.ஏ.புரம் என்ற எழுத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். எனாமல் பெயிண்ட், லேசில் வரவில்லை. கீழே நின்று சத்தத்தைக் கேட்ட அஃப்சருன்னிசா, "இன்னாங்க சுரண்டறீங்க?" என்றாள். அவர் சொன்னார், ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எறங்குங்க. விழுந்துடப் போறீங்க" என்றாள் அவள். அவ்வளவுதான்.

மனசு கேட்காமல் கபாலியே தன் பைக்கில் அவரை உட்காரவைத்து வீடு காட்ட அலைந்தான். பைக்கில் போகப் போகத்தான் இனாயத்துக்கு ஊரே ஒரு விலைப்பட்டியலாகத் தெரிந்தது. சாந்தோமில் கடல் தெரிகிற பால்கனிக்குத் தனி விலை, அதே கட்டடத்தில் கடல் தெரியாத பக்கத்துக்கு வேறு விலை. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் மீனவர் குப்பத்துச் சந்தில் விலை மலிவு, ஆனால் பட்டா கிடையாது, பாங்கியில் கடன் தரமாட்டான். தி.நகரில் வீடு என்று ஒன்று மிச்சமிருந்தால் அதைக் குடோனாக்கத்தான் கேட்கிறார்கள். அடையாறு பாலம் ஏறும்போதே கபாலி தலையைத் திருப்பி, "பாலம் ஏறினா ரேட்டும் ஏறும் பாய், சும்மா பாத்துட்டு வரலாம்" என்றான். ஒரே தெருவில் குடிதண்ணீர் வருகிற பக்கம் ஒரு விலை, லாரித் தண்ணீர் வாங்குகிற பக்கம் ஒரு விலை.

"வாங்க வாணாம் கபாலி. மந்தைவெளியிலயே வாடகைக்குப் பாரு. அதே தெரு இல்லன்னாலும் பக்கத்துத் தெரு. அவளுக்கு அந்தக் காத்து வரணும்" என்றார் இனாயத்.

கபாலி போன் போட்டான். வீடு இருக்கிறது, கீழ்வீடு, பெரியவங்க ரெண்டே பேரா, ரொம்ப நல்லது என்கிற வரைக்கும் எல்லாம் சரியாகப் போகும். அப்புறம் பெயர் கேட்பார்கள். கபாலி பெயரைச் சொல்வான். உடனே அந்தப் பக்கம், "இல்ல, சொந்தக்காரங்க யாரோ கேட்டிருக்காங்க" என்று குரல் மாறும். மூன்றாவது வீட்டுக்கும் இப்படி ஆனபோது கபாலி போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு இவர் முகத்தைப் பார்க்காமல் பைக்கை உதைத்தான்.

கடைசியில் மேடவாக்கம் தாண்டி ஒரு புது லேஅவுட்டில் வீடு அமைந்தது. மந்தைவெளியில் இருந்ததைவிட ஒரு அறை கூடுதல், சொந்த வீடு, கையில் கொஞ்சம் பணமும் மிஞ்சியது. மெஹக் போனில், "சொந்த வீடாச்சேப்பா, இதுக்குப் போய் ஏம்பா அழற?" என்றாள். அழவில்லை, சளி என்றார் இனாயத்.

காலி செய்த அன்று பேச்சியம்மாள் கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து அஃப்சருன்னிசாவைக் கட்டிக்கொண்டாள். "யக்கா, இனிமே நான் யாருக்கு வழி சொல்லுவேன்?" என்று தெருவே கேட்க அழுதாள்.

புது வீட்டில் மறுநாள் இனாயத் ஸ்டூலின்மேல் ஏறி கர்ட்டன் ராடு மாட்டிக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாடு முடிந்து அஃப்சருன்னிசா வாசலுக்கு வந்தாள். காற்றுக்காக முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். காற்று வரவில்லை. இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு பழக்க தோஷத்தில், பேச்சி கடைக்குத் திரும்புகிற மாதிரியே திரும்பி, வேகமாக, தலை நிமிர்ந்து நடந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்த இனாயத், "அஃப்சர், நில்லு!" என்று கத்துவதற்குள் காலி மனையில் கொட்டியிருந்த ஜல்லியில் கால் இடறி, அடுத்த மனையின் சுவரில் நெற்றி மோதி உட்கார்ந்துவிட்டாள்.

அவர் ஓடிப்போய்த் தூக்கியபோது அவள் நெற்றியைத் தொடவில்லை. கன்னங்களைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், ஒன்றை, பிறகு மற்றொன்றை. "எந்தப் பக்கம் போறேன்னே தெரியலீங்க. இப்பத்தாங்க நான் குருடி ஆனேன்" என்றாள்.

இனாயத் அந்த ஜல்லியிலேயே உட்கார்ந்து அழுதார். சளி என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. அதற்குப் பிறகு அவள் வாசல்படியைத் தாண்டவில்லை. கூட்டிக்கொண்டு போகிறேன், கையைப் பிடித்துக்கொள் என்றால், "அங்க எனக்கு யார் கையும் வேண்டியிருக்கலியே" என்பாள். சாயங்காலமாக ஏதோ கொஞ்சம் காற்று வரும், ஏரிப் பக்கத்துப் புழுதி வாசனையோடு. ஜன்னலைத் திற என்று அவள் சொன்னதே இல்லை.

மழைக்காலம் முடிந்து, வெயில் ஏறத் தொடங்கியபோது ஒரு பெண் போன் செய்தாள். பெயர் அனுப்ரியா. புரோக்கர் கபாலி நம்பர் கொடுத்தாராம், புதிதாக வீடு வாங்கியிருக்கிறாளாம், கர்ட்டன் போடவேண்டுமாம். முகவரியை இனாயத் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். முடியாது என்று சொல்லத்தான் நினைத்தார். ஆனால் உள்ளே இருந்து அஃப்சருன்னிசா, "எந்த வீடுங்க?" என்று கேட்டாள். அவர் சொன்னார்.

"நானும் வரேன். பேச்சிகிட்ட உக்காந்துகினு இருக்கேன். நீங்க அளந்துட்டு வாங்க" என்றாள். அவள் குரல் அப்படிக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

ஆட்டோ தெருமுனையில் திரும்பியதுமே அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மாவு மிஷின் வந்தபோது சிரித்தாள். பேச்சியம்மாள் கடையிலிருந்து எழுந்த கூச்சலைக் கேட்டு நாய்கூட எழுந்துகொண்டது. அவளை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு இனாயத் டேப்பை எடுத்துக்கொண்டு நடந்தார். பலகை இருந்த இடத்தில் நாலு ஓட்டை மட்டும் இருந்தது.

அனுப்ரியா மரியாதையான பெண். தண்ணீர் கொடுத்தாள். முன்னறை இப்போது ஹால் ஆகியிருந்தது. சுவரெல்லாம் வெள்ளை. பை மாட்டுகிற ஆணியைப் பிடுங்கிப் பூசியிருந்தார்கள். இனாயத் ஜன்னலை அளந்தார். அளக்கத் தேவையே இல்லை, அந்த அளவு அவருக்கு மனப்பாடம், இருந்தாலும் டேப்பை விரித்தார். பின்னே எதைப் பார்த்துக்கொண்டு நிற்பது?

"அங்கிள், ஒண்ணு கேக்கணும்" என்றாள் அனுப்ரியா. "இங்க பழைய ஆளுங்க சில பேர் இதை மந்தைவெளின்னு சொல்றாங்க. நாங்க ஆர்.ஏ.புரம் ரேட்டு குடுத்து வாங்கியிருக்கோம், முப்பது வருஷ லோன். உங்களுக்கு ஏரியா தெரியும்தானே? இது நிஜமாவே ஆர்.ஏ.புரம்தானே?"

இனாயத் கையில் டேப் சரக்கென்று சுருங்கி உள்ளே போனது. அந்தப் பெண் முகத்தைப் பார்த்தார். மெஹக் வயசுதான் இருக்கும். அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. கதவுக்கு இடப்புறம் செருப்பு கழன்றது. அவருக்கு அந்தச் சத்தம் தெரியும்.

அஃப்சருன்னிசா உள்ளே வந்துவிட்டாள். பேச்சியம்மாள் வாங்கிக் கொடுத்த பூவும் கையில் காய்ப் பையுமாக, தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வலது கன்னத்தில் காற்று பட்ட சந்தோஷம் முகம் முழுக்கத் தெரிய, நேராக நடந்து வந்து சுவரில் பையை மாட்டக் கையை நீட்டினாள்.

"காத்து வந்துட்சுங்க" என்றாள். "ஜன்னலைத் தொறங்க."

அனுப்ரியா திகைத்துப் போய் அவளையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "யாருங்க இவங்க?"

அஃப்சருன்னிசாவின் கை வழவழப்பான சுவரில் ஆணியைத் தேடிக்கொண்டிருந்தது. மேலே தேடியது, கீழே தேடியது. பிறகு அப்படியே நின்றுவிட்டது. அந்தக் கைக்கு விஷயம் புரிந்துபோனது. அவள் முகத்துக்கு அது வந்து சேருவதை இனாயத் பார்த்துக்கொண்டே நின்றார்.

"என் பீவிம்மா" என்றார். "கண்ணு தெரியாது. வீடு மாறி வந்துட்டாங்க."